மியாட்டாவுக்கு எடை குறைந்த ஃப்ளைவீல்: கிளட்ச் மாற்றும்போதே போட்டுவிடலாமா?

சிவப்பு மியாட்டா (மிசிசாகா)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மாடல் மஸ்டா மியாட்டா. 1.8 லிட்டர், ஐந்து கியர், பின்னால் 4.3 விகித டிஃப் (டிஃபரன்ஷியல்). 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன அக்டோபரில், குளிர்காலத்துக்கு மூடி வைப்பதற்கு முந்தின வாரம், 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது நான்காவது கியரில் அழுத்தி மிதித்தேன். ரெவ் (எஞ்சினின் நிமிடச் சுற்று) மட்டும் ஐயாயிரத்துக்குப் பறந்தது, வண்டி தன்பாட்டில் மெதுவாக வந்தது. கிளட்ச் முடிந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

மார்ச் மாதம் நானும் மச்சானும் என் கராஜிலேயே கியர்பாக்ஸை இறக்குவதாகத் திட்டம். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றப் போகிறோம், கூடவே எடை குறைந்த பாகங்களையும் போட்டுவிடலாமே என்று ஆசை வந்துவிட்டது. ஆன்லைனில் ஒருவர் மூன்றையும் சேர்த்து விற்கிறார்: 4 கிலோ அலுமினிய ஃப்ளைவீல் (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் சுற்றும் கனமான சக்கரம்), எடை குறைந்த கிராங்க் புல்லி (எஞ்சின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம்), கார்பன் ஃபைபர் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் தண்டு). வீலில் 15 குதிரைத்திறன் கூடுமாம், டைனோவில் (குதிரைத்திறன் அளக்கும் கருவி) எடுத்த சீட்டும் காட்டுகிறார். வண்டியின் கணக்கே 140 குதிரைதான். அதில் 15 என்றால் யாருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது?

வண்டி ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் வெளியே வரும். நாலைந்து ஞாயிறு ஆட்டோஸ்லாலம் (கூம்புகளுக்கு நடுவில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி), வருடத்தில் ஒருநாள் போமன்வில் ரேஸ் ட்ராக். சனிக்கிழமை மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவதும் இதில்தான், அதனால் முழு ரேஸ் வண்டியாக்க முடியாது. மூன்றையும் வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கராஜ்காரன் (ஸ்கார்பரோ)

தம்பி, பொறுங்கோ, காசைக் கட்டிப்போடாதேயுங்கோ.

முதலில் அந்தப் புல்லி. அதைத் தொடவே வேண்டாம். உங்கட எஞ்சினில் இருக்கிற புல்லியைக் கிட்டப் போய்ப் பாருங்கோ, நடுவில் ஒரு ரப்பர் வளையம் தெரியும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரியும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கொஞ்சம் முறுகித் திரும்பி வரும். அந்த அதிர்வை விழுங்கத்தான் அந்த ரப்பர். அதை எடுத்துவிட்டு வெறும் அலுமினியத் துண்டைப் பூட்டி ஏழாயிரம் வரைக்கும் ஓட்டினால் அடி விழுவது ஒயில் பம்புக்கு. பம்பின் பற்சக்கரம் கிராங்கின் மூக்கிலேயே இருக்கிறது, அது உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த சாமான், வெடித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். ஒயில் அழுத்தம் போனால் பிறகு எஞ்சினும் போகும். ஒரு கிலோவுக்கு ஆசைப்பட்டு எஞ்சினை விற்க வேண்டாம்.

கார்பன் ஷாஃப்ட் நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. மஸ்டாவே ஆர்எக்ஸ்-8இல் கம்பனியிலிருந்தே போட்டது, நிசான் 350இசட்டிலும் இருந்தது. ஆனால் மியாட்டாவின் ஷாஃப்ட் கட்டையானது, மெல்லியது. அதை மாற்றி நீங்கள் உணரப் போவது ஒன்றுமில்லை. அந்தக் காசுக்கு இரண்டு செட் நல்ல ரயர் வாங்கலாம், அதை உணருவீர்கள்.

மிஞ்சுவது ஃப்ளைவீல். இதைப் போடலாம், போட இதைவிட நல்ல நேரமும் இல்லை, ஏனென்றால் செலவு ஃப்ளைவீலில் இல்லை, கியர்பெட்டியை இறக்கி ஏற்றுவதில்தான். ஆனால் 4 கிலோ அலுமினியம் வேண்டாம். குரோம்மோலி எஃகில் 5 கிலோவுக்குச் சற்று மேலே வருகிறது, அதை எடுங்கோ. பழையது கிட்டத்தட்ட 8 கிலோ. மகளை ஏற்றிக்கொண்டு சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிக்கு அந்தக் குறைவு போதும்.

டைனோ சீட்டைப் பற்றி ஒன்று. ஃப்ளைவீல் எஞ்சினுக்குப் பலம் கொடுக்காது. உருளையைச் சுழற்றி, அது எவ்வளவு வேகமாக முடுகுகிறது என்று அளக்கிற டைனோவில், எஞ்சின் தன்னையே சுழற்றச் செலவழிக்கிற பலம் குறைந்தால் சீட்டில் எண் கூடத்தான் செய்யும். கீழ்க் கியரில் ஓட்டினால் இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் போகும்போது அந்தக் குதிரைகளைத் தேடிப் பாருங்கோ, ஒன்றையும் காணமாட்டீர்கள்.

சிவப்பு மியாட்டா

நன்றி அண்ணா. புல்லியைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஷாஃப்டையும், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

ஒரு சந்தேகம். மச்சான் சொல்கிறார், புதிதாக ஏன் வாங்க வேண்டும், இருக்கிற ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து எடையைக் குறைக்கலாமே என்று. ஊரில் பைக்குக்கு அப்படிச் செய்து பார்த்திருக்கிறாராம்.

லேத் பட்டறை (கோயம்புத்தூர்)

ஏனுங்க, இதுக்குப் பதில் சொல்லாமப் போனா என் பட்டறைக்கே பாவம். மச்சானைத் தயவுசெய்து தடுங்க.

செட்டிபாளையம் ட்ராக்கில் ஓடும் வண்டிகளுக்கு நானே ஃப்ளைவீல் கடைந்து கொடுத்திருக்கிறேன், எல்லாம் எஃகுத் துண்டிலிருந்து புதிதாகச் செய்தவை. கம்பனி ஃப்ளைவீலைக் கடைந்து தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். காரணம், அது வார்ப்பிரும்பு. அழுத்தினால் மலை மாதிரி தாங்கும், இழுத்தால் தாங்காது. ஃப்ளைவீல் சுற்றும்போது விளிம்பு முழுவதும் வெளிப்பக்கமாகத்தான் இழுபடுகிறது. 28 சென்டிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: விளிம்பு மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த நிலையில் எங்கேயோ ஒரு கடைசல் கீறலிலிருந்து விரிசல் கிளம்பினால், கிளட்சை மூடியிருக்கும் அலுமினியக் கூடு அதைத் தடுக்காது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் இருப்பது ஓட்டுபவரின் கால். வாங்கும்போதும் எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெடிக்கிறதா என்று சுழற்றிச் சோதித்தவற்றுக்குத்தான் அது.

அப்புறம் ஒரு கணக்கு. ஒரு பொருள் சுழற்றுவதற்குக் காட்டும் எதிர்ப்பை பிளஸ் ஒன்னில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, மனப்பாடம் செய்து மறந்தோமே, அது இங்கேதான் வேலைக்கு வருகிறது. (இலங்கைக்காரர்கள் சடத்துவத் திருப்பம் என்பார்கள், கராஜ்கார அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) கியர் விகிதத்தையும் டிஃப் விகிதத்தையும் பெருக்கி, அதன் வர்க்கத்தால் ஃப்ளைவீலில் குறையும் திருப்புத்திறனைப் பெருக்கி, டயர் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வண்டி உணரும் எடை வரும். அதனால் கீழ்க் கியரில் பலன் பெரிது, மேலே போகப் போகக் கரைந்துவிடும்.

உங்கள் வண்டியின் கியர் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. டிஃப் 4.3. டயர் 195/50, 15 இஞ்ச் என்று வைத்துக்கொண்டேன். 8 கிலோவை 4 கிலோ அலுமினியமாக மாற்றினால் வண்டியிலிருந்து இறக்கிவைத்ததற்குச் சமமான எடை, தோராயமாக: முதல் கியரில் 87 கிலோ. இரண்டாவதில் 32. மூன்றாவதில் 16. நான்காவதில் 9, ஐந்தாவதில் 6. அண்ணன் சொன்ன எஃகு என்றால் இதில் மூன்றில் இரண்டு பங்கு.

முதல் கியரில் ஒரு முழு ஆளையே இறக்கிவிட்ட மாதிரி தெரிகிறது அல்லவா? ஆனால் உங்கள் முதல் கியர் 55 கிலோமீட்டர் வேகத்தோடு முடிந்துவிடும், அங்கே எவ்வளவு நேரம் இருக்கப் போகிறீர்கள்? அதிலும் புறப்படும்போது பாரமான ஃப்ளைவீலில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் உதவும், அது இப்போது குறைவு. உண்மையான லாபம் இரண்டாவது கியரில்தான். ஆட்டோஸ்லாலத்தில் முழு நேரமும் இரண்டில்தானே இருப்பீர்கள், அதனால் உங்களுக்குப் பொருந்தும்.

கார்பன் ஷாஃப்டுக்கும் போட்டுப் பார்த்தேன். குழாயின் ஆரமே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுற்றுவதால் டிஃப் விகிதம் மட்டும்தான் பெருக்கலில் வரும். சுழற்சியில் கிடைப்பது ஒரு கிலோவுக்கும் கீழே. அதே சமயம் நாலு வீலிலும் இரண்டிரண்டு கிலோ குறைத்தால், எந்தக் கியரில் போனாலும் 11, 12 கிலோ குறைந்த மாதிரி. பள்ளம் மேட்டில் சஸ்பென்ஷனும் உங்களை வாழ்த்தும்.

மழைநாட்டுக்காரி (ரீடிங், இங்கிலாந்து)

நான் நீங்கள் நினைத்த அதே 4 கிலோ அலுமினியத்தைப் போட்டவள். 1.6, 1992 மாடல். ஒன்றரை வருடத்தில் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொர்க்கம். கியர் இறக்கும்போது குதிகாலால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் போதும், ரெவ் ஊசி எழுந்து நிற்கும். திங்கட்கிழமை காலை, மழை, ஏசி ஓடுகிறது, மேட்டில் வரிசையாக வண்டிகள். கிளட்சை விட்டால் எஞ்சின் செத்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டால் ரெவ் சரசரவென்று இறங்கி, ஐட்லில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிற்காமல் அதற்கும் கீழே ஒரு முக்குளி போட்டு வரும். இரண்டு தடவை சந்திப்பின் நடுவில் நின்றிருக்கிறேன், பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கவில்லை, அதுதான் அதிக அவமானம்.

நியூட்ரலில் கடகடவென்று ஒரு சத்தமும் வரும், அதற்குத் தயாராக இருங்கள். எஞ்சினின் துடிப்பை ஃப்ளைவீல் மழுப்பாமல் விடுவதால் கியர்பாக்ஸுக்குள் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் ஏறிய ஒவ்வொருவரும் "என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். நடுவில் ஸ்பிரிங் இல்லாத கிளட்ச் தட்டை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள், இந்தச் சத்தம் பல மடங்காகும்.

இப்போது எஃகுதான் போட்டிருக்கிறேன். கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கியதுதான் மிச்சம்.

கராஜ்காரன்

தங்கச்சி சொன்னது சரி. (லேத்துக்காரரே, கோபமில்லை. ஏ.எல் சோதனையில் அந்தச் சடத்துவத் திருப்பத்தால் எனக்கு வந்த புள்ளியைத்தான் மறக்க முடியவில்லை.)

தம்பி, நீங்களே இறக்கப்போகிறீர்கள் என்றபடியால் கழற்றிப் பூட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் வடிவாக எழுதுகிறேன். எந்தப் பாகம் வாங்கினீர்கள் என்பதைவிட எப்படிப் பூட்டினீர்கள் என்பதுதான் பிறகு வந்து கடிக்கும்.

மியாட்டாவில் கியர்பெட்டிக்கும் டிஃபுக்கும் நடுவில் நீளமாக ஒரு அலுமினியச் சட்டம் ஓடும். கியர்பெட்டிக்குத் தனியாகத் தாங்கி கிடையாது, அந்தச் சட்டம்தான் அதைப் பிடித்திருக்கிறது. கியர்பெட்டிக்கு ஜாக் கொடுக்காமல் சட்டத்தைக் கழற்றினால் எஞ்சினே பின்பக்கம் சாயும். திரும்பப் பூட்டும்போது மனுவலில் இருக்கிற உயர அளவைப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும், 104 முதல் 123 நியூட்டன் மீட்டர். கண்மதிப்பில் பூட்டினால் நூறில் போகும்போது கால் கீழே ஒரு நடுக்கம் வரும், நீங்கள் ஃப்ளைவீலில்தான் பிழை என்று ஒரு மாதம் தேடுவீர்கள்.

ஒன்ராறியோ உப்புத் தின்ற வண்டி. கழற்ற மூன்று நாளைக்கு முன்னமே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கோ. கியர்பெட்டியின் மேல் போல்ட்டுகளுக்கு நீட்டுக்கம்பியை வாலிலிருந்து விட்டுத்தான் எட்ட முடியும். ஷாஃப்டைக் கழற்றுமுன் டிஃபுக்கும் அதற்கும் பெயின்ட்டால் ஒரு கோடு. கிளட்சின் கீழ்ச் சிலிண்டரை ஒயில் குழாயோடே ஒதுக்கிக் கட்டிவிடுங்கோ, திறக்கத் தேவையில்லை.

ஃப்ளைவீலைக் கழற்றியதும் கிராங்கின் பின் சீலைப் பாருங்கோ. ஒழுகாவிட்டாலும் மாற்றுங்கோ, அதன் விலை ஒரு சாப்பாட்டுக் காசு. நடுவில் இருக்கிற பைலட் பேரிங்கும் அப்படித்தான். ஃப்ளைவீலுக்குப் புது போல்ட், மரைக்கு சீலன்ட், குறுக்கு மறுக்காக 96 முதல் 103. கிளட்ச் மூடிக்கு 18 முதல் 26, அதுவும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

இனி நான் பட்ட பாடு. என்னுடைய சொந்த வண்டிக்கு முதல் முறை பூட்டியபோது, பழைய ஃப்ளைவீலில் கிளட்ச் மூடியை நடுவில் நிறுத்துவதற்கு இருந்த சின்ன இரும்பு முளைகளைப் புதியதுக்கு மாற்ற மறந்துவிட்டேன். போல்ட் பிடிக்கும்தானே என்று இறுக்கிவிட்டேன். நாலாயிரத்தில் ஸ்டியரிங், இருக்கை, பல் எல்லாம் ஆடியது. மூடி ஒரு மயிரிழை ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெப்ரவரி மாதம், ஹீட்டர் இல்லாத கராஜ், திரும்பவும் முழுவதையும் இறக்கினேன். மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனா.

சிவப்பு மியாட்டா

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எஃகுதான் வாங்கினேன். பழையதைப் பிடித்துக்கொண்டு குளியலறை எடைக்கருவியில் ஏறினேன், என் எடையைக் கழித்தால் 8.1. புதியது 5.3. மச்சான் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். லேத் யோசனை சொன்னவர் அவர்தான் என்பதை நினைவூட்டினேன்.

ஒரு சனி, ஞாயிறு போதும் என்று நினைத்தோம். மூன்று வார இறுதிகள் ஆயின. மேல் போல்ட் ஒன்று மட்டும் ஒரு முழுநாளைத் தின்றது. கியர் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்து, தண்டு உட்காரும் கிண்ணத்தில் ஒயிலே இல்லை. கேபினுக்குள் இத்தனை வருடமாகச் சூடு ஏறிக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. புது ரப்பர், கிண்ணத்துக்குப் புது ஒயில், கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90. ஃப்ளைவீலைவிட இந்த ரப்பர்தான் கியர் மாற்றுவதை அதிகம் மாற்றியது என்று சொன்னால் அடிக்க வராதீர்கள்.

முளைகள்! புதிய ஃப்ளைவீல் பெட்டியில் முளைகள் இல்லை, அண்ணா. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நிச்சயமாக மறந்திருப்பேன். பழையதிலிருந்து பிடுங்க ஒரு மணி நேரம்.

ஓட்டம் எப்படி என்றால், முதல் இரண்டு நாள் வீட்டு வாசலிலேயே மூன்று முறை எஞ்சினை நிறுத்தினேன். மூன்றாம் நாள் கால் தானாகக் கற்றுக்கொண்டது. நெடுஞ்சாலையில் எந்த வித்தியாசமும் இல்லை, கணக்குச் சொன்னபடியே. ஆட்டோஸ்லாலத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது தெரிகிறது, ஆனால் நேரம் குறைந்தது ஃப்ளைவீலாலா, வழுக்காத கிளட்சாலா என்று நேர்மையாகச் சொல்ல முடியாது.

போமன்வில்லில்தான் காசுக்குப் பலன் கிடைத்தது. மாஸ் கார்னர் என்ற இரட்டை வளைவுக்கு வரும்போது பிரேக்கில் இருந்தபடியே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். போன வருடம் வரை அந்த இடத்தில் பின் வீல் ஒரு சிணுங்கு சிணுங்கும், நான் ரெவ்வை ஏற்றிக் காத்திருக்கும் நேரம் போதாது. இப்போது குதிகால் தொட்டதும் ரெவ் வந்துவிடுகிறது, கியர் சத்தமில்லாமல் விழுகிறது. அந்த இரட்டை வளைவில் அன்று ஒருமுறைகூடப் பின்பக்கம் ஆடவில்லை.

நியூட்ரல் சத்தம் இருக்கிறது, மெல்லிதாக. மகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்: "அப்பா, காருக்குள்ள யாரோ சோழி குலுக்குறாங்க." சூடேறியதும் குறைகிறது. இது சாதாரணம்தானே?

கராஜ்காரன்

கிளட்சை மிதித்தால் நிற்கிறதா?

சிவப்பு மியாட்டா

நிற்கிறது.

கராஜ்காரன்

அப்ப சோழிதான். மிதிக்கும்போது சத்தம் *தொடங்கினால்* கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்தான் பிழை, அன்றைக்கு எழுதுங்கோ. பழைய ஃப்ளைவீலை எறிந்துபோடாதேயுங்கோ, விற்கிற காலத்தில் வாங்குகிறவர் கேட்பார்.

சிவப்பு மியாட்டா

எறியவில்லை அண்ணா. கொல்லைப்புறத்து வெயில் குடையின் காலில் மச்சான் கோர்த்து வைத்திருக்கிறார். போன வாரக் காற்றில் பக்கத்து வீட்டுக் குடை எங்கள் வேலி தாண்டி வந்து விழுந்தது, எங்களுடையது அசையவில்லை.